இறைவன் ஒருவன் என்றால், உழைப்பவன் மட்டும் இரண்டா?

இலத்தூரில் சென்ற கார் பருவத்து நடுகை முடிந்த வாரத்தில் ஒரு வயோதிக விவசாயத் தொழிலாளி காலமானார். நாற்பது ஆண்டு காலம் பிறர் வயலில் வரப்பு வெட்டி, மடை திருப்பி, கதிர் அறுத்த கை ஓய்ந்தது. தெருவே திரண்டு வந்தது. பாடை கட்டி முடித்து, சங்கு ஊதி, தூக்குகிற நேரத்தில் தெருமுனையில் ஒரு வாலிபன் தயங்கித் தயங்கி நிற்பதை நாம் கண்டோம். முஸ்லிம் பையன். ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அவனுடைய தகப்பனாரும் இறந்தவரும் ஒரே கூட்டத்தில் வேலைக்குப் போனவர்கள். ஒருவரை ஒருவர் 'மச்சான்' என்றுதான் அழைப்பார்கள். ஒரே தூக்குச் சட்டியில் பழைய கஞ்சி குடித்தவர்கள்.

"தூக்கப் போறாங்க, வாடே" என்று கூப்பிட்டோம்.

"அண்ணாச்சி, மாமா பின்னாலே நடக்கணும்னுதான் மனசு சொல்லுது. ஆனா மாற்று மதத்துக்காரங்க மையத்துக்குப் பின்னாலே போனா ஈமான் போயிரும்னு செல்போனிலே ஒருத்தர் பேசுதாரு. எனக்கு ஒண்ணும் ஓடலை" என்றான்.

அவன் சுடுகாடு வரை வரவில்லை. குளத்தங்கரைத் திருப்பம் வரை பத்தடி தள்ளி நடந்து வந்து, அங்கேயே நின்றுவிட்டான்.

அதே வாரம், அதே ஊர் டீக்கடையில் இன்னொரு காட்சி. இன்னொரு வாலிபன், இவன் கையிலும் ஒரு செல்போன். "இனிமே பாய் கடையிலே யாரும் சாமான் வாங்கக் கூடாது" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தான். களையெடுத்துவிட்டுச் சேறும் சகதியுமாக வந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்தாள். "மாசக் கடைசியிலே எனக்கு அரிசி கடன் குடுக்கிறது அந்த பாய்தாம்ல. நீ குடுப்பியா? குடுப்பேன்னா சொல்லு, நாளையிலேருந்து உன் கடைக்கு வாரேன்" என்றாள். அவனுக்குக் கடையும் இல்லை, பதிலும் இல்லை.

கிழவியின் பதில் போதும். ஆனால் முஸ்லிம் பையனின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "மதம் கிடக்கட்டும், வாடா" என்று தோளைப் பிடித்து இழுத்து வருவது நமக்குச் சுலபம். அது பதிலாகாது. அவன் தன் மார்க்கத்தை மனதார நம்புகிறவன். அந்த மார்க்கம் என்ன சொல்கிறது என்று எடுத்துக்காட்டுவதே அவனுக்குச் செய்கிற மரியாதை.

நாம் நாத்திகர்கள். அதை ஒளிப்பதற்கில்லை. பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள், அரபி தெரியாது. தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்தும், நல்ல மனம் படைத்த ஹஜ்ரத்துமார்களிடம் கேட்டும் அறிந்ததையே இங்கே எழுதுகிறோம்.

இஸ்லாத்தின் அஸ்திவாரம் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. தௌஹீத், அதாவது இறைவன் ஒருவனே என்பது. கேட்பதற்கு இது ஏதோ வேதாந்த விசாரம் போலத் தோன்றும். ஆனால் ஏழாம் நூற்றாண்டு மக்காவில் அது பெரும் கலகக் குரலாக ஒலித்தது. ஏன்?

அன்றைய மக்காவில் குறைஷிகள் என்ற பெரு வணிகக் கூட்டம் ஆதிக்கம் செலுத்தி வந்தது. கஃபா ஆலயத்தில் முந்நூற்று அறுபது விக்கிரகங்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தெய்வம். குலங்கள் யாத்திரை வரும், சந்தை கூடும், குறைஷிகளின் பணப்பை நிறையும். குலத்துக்கு ஒரு தெய்வம் என்றால் குலத்துக்கு ஒரு நியாயம்! மேல் குலத்தான் செத்தால் ஒரு விலை, கீழ்க் குலத்தான் செத்தால் ஒரு விலை. அடிமைக்கோ விலை உண்டு, நியாயம் கிடையாது. இந்தச் சந்தையின் நடுவில் நின்றுகொண்டு, "எல்லோரையும் படைத்தவன் ஒருவனே" என்று ஒரு மனிதர் சொன்னால் வணிகர்கள் சும்மா இருப்பார்களா? படைத்தவன் ஒருவன் என்றால் படைக்கப்பட்டவர்களும் ஒரே இனமாகிவிடுவார்களே! குறைஷிகள் கோபப்பட்டதில் வியப்பில்லை. தங்கள் லாபம் எங்கே போகும் என்று அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது.

முதலில் அதை நம்பியவர்களில் ஒருவர் பிலால். அபிசீனிய வம்சத்துக் கறுப்பு அடிமை. அவருடைய எஜமான் உமையா அவரைச் சுடுமணலில் மல்லாத்திப் போட்டு, நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றினான். கல்லின் அடியிலிருந்து அவர் "ஒருவன், ஒருவன்" என்றே முனகினார் என்கிறது வரலாறு. பிற்பாடு அபூபக்கர் அவரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். 630 ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில், கஃபாவின் கூரை மேல் ஏறித் தொழுகைக்கு அழைக்கும்படி அந்தப் பிலாலைத்தான் நபிகள் நாயகம் பணித்தார். உயர் குலத்துப் பிரபுக்கள் கீழே நின்று பல்லைக் கடித்தார்கள். நேற்றுவரை மணலில் கிடந்தவன் இன்று தங்கள் தலைக்கு மேலே!

நம் பக்கத்து வயற்காட்டில், தேநீர்க் கடையில் தனிக் குவளை கொடுக்கப்பட்ட ஒரு மனிதனிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். தௌஹீத் என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை.

இனி, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒருவனே இறைவன் என்று நம்புகிறவன், அப்படி நம்பாதவனிடம் எப்படி நடந்துகொள்வது?

குர்ஆனில் 114 அத்தியாயங்கள். அவற்றில் 113 அத்தியாயங்கள் இறைவனின் அளவற்ற கருணையைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. முதல் அத்தியாயம் அவனை உலகங்கள் அனைத்தையும் வளர்த்துக் காப்பவன் என்று அழைக்கிறது. முஸ்லிம்களை மட்டும் வளர்ப்பவன் என்று அழைக்கவில்லை. மார்க்கத்தில் பலவந்தம் கூடாது என்று இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. பிறர் வணங்கும் தெய்வங்களைத் திட்டாதே என்று ஆறாம் அத்தியாயம் தடுக்கிறது. மார்க்கத்தின் பேரால் உன்னோடு சண்டைக்கு வராத, உன்னை வீட்டை விட்டு விரட்டாத மனிதர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செய்வதையும் இறைவன் தடுக்கவில்லை என்று அறுபதாம் அத்தியாயம் கூறுகிறது.

ஏட்டில் எழுதியதோடு நின்றதா? இல்லை. 615 ஆம் ஆண்டளவில் குறைஷிகளின் கொடுமை தாங்காமல் முதல் முஸ்லிம்கள் கடல் கடந்து ஓடினார்கள். எங்கே? அபிசீனியாவின் கிறிஸ்தவ அரசரிடம். அங்கே நியாயம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியவர் நபிகளே. ஆக, முதல் முஸ்லிம்களுக்கு நிழல் கொடுத்தது ஒரு கிறிஸ்தவக் குடை. 622 இல் மதீனா போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள யூதக் குலங்களோடும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. யூதருக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம். ஊருக்கு ஆபத்து வந்தால் எல்லோரும் சேர்ந்து நிற்பது. நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக் குழுவினர் தங்கள் ஜெபத்தை மதீனாப் பள்ளிவாசலிலேயே நடத்த அனுமதிக்கப்பட்டார்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

அஸ்மா என்ற பெண்மணியின் தாயார் பழைய மதத்திலேயே இருந்தவர். மகளைப் பார்க்க வந்தார். மார்க்கம் மாறிய மகள், வீட்டில் சேர்க்கலாமா என்று நபிகளிடம் கேட்டனுப்பினாள். தாயை ஆதரித்து நடந்துகொள் என்பதே பதில்.

இவை எல்லாவற்றையும்விட நம்மைத் தொட்டது இன்னொரு சம்பவம். இதைச் சொன்னவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு மோதினார். பையன் குளத்தங்கரையில் நின்றுவிட்ட செய்தியைச் சொல்லி, அவரிடம் நாம் போய்க் கேட்டோம். கிழவர் சிரித்தார். "நாயகம் ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பிரேதம் போயிற்று. எழுந்து நின்றார்கள். கூட இருந்தவர்கள், அது ஒரு யூதனுடைய பிரேதம் அல்லவா என்றார்கள். நாயகம் என்ன கேட்டார்கள் தெரியுமா? அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள். புகாரியிலேயே இருக்கிறது, தம்பி. செல்போன்காரர் அந்தப் பக்கத்தை இன்னும் புரட்டவில்லை போலும்!"

ஒரு சாராருக்கு இதைக் கேட்டதும் உதடு துடிக்கும். "அப்படியானால் வாளெடுத்தது யார்? ஜிஸ்யா வரி போட்டது யார்?" என்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். குர்ஆனில் போர்க்காலத்து வசனங்களும் உண்டு. போரிட்டவனுக்குச் சொன்னதைப் பிய்த்தெடுத்து பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பொருத்துகிறவன் எந்தத் தெருவில் இருந்தாலும் கயவனே. அடிமையை விடுவிப்பது பெரும் புண்ணியம் என்று சொன்ன மார்க்கம், அடிமை முறையே கூடாது என்று அன்று சொல்லவில்லை. பிலாலுக்குப் பிறகும் பல நூறு ஆண்டு காலம் அடிமைச் சந்தைகள் நடந்தன. நபிகளுக்குப் பின்னால் வந்த சுல்தான்கள் சுல்தான்களாகத்தான் நடந்தார்கள். நெற்றியில் நீறு பூசிய மன்னனும் தலையில் தலைப்பாகை கட்டிய சுல்தானும் குடியானவனின் களத்துக்கு வந்தபோது கையில் மரக்காலோடுதான் வந்தார்கள். அவர்களுடைய பாவக் கணக்கை இலத்தூரில் மாசக் கடைசியில் அரிசி கடன் கொடுக்கிற பாயின் பேரில் எழுதுவது என்ன நியாயம்?

நம் முஸ்லிம் தோழர்களிடமும் ஒன்று கேட்போம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறீர்கள்; அழகான காட்சி. வரிசை கலைந்து வெளியே வந்த பிறகு, முடி திருத்துகிற குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கத் தயங்குகிற வழக்கம் பல ஊர்களில் இருந்ததே, இன்னும் முற்றாக ஒழியவில்லையே, அது எந்த தௌஹீதில் சேரும்?

சரி, இதெல்லாம் அரபு நாட்டுக் கதை, நம்மூரில் என்ன என்று கேட்பவர்களுக்கு: தென்காசியிலேயே பிறந்த ஒரு நெசவாளியைச் சொல்வோம். பீர் முகம்மது அப்பா. சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன் தென்காசியில் பிறந்து, தக்கலையில் தறி நெய்து வாழ்ந்து அங்கேயே அடங்கியவர். ஆயிரக்கணக்கான பாடல்கள் பாடியவர். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை என்று நூல் நூலாகத் தமிழில் எழுதிவைத்தார். ஏகனாகிய இறைவனைப் பாட அவர் அரபியை மட்டும் நம்பி இருக்கவில்லை. நம் சித்தர்கள் பேசிய அதே தமிழை, அதே பரிபாஷையை எடுத்துக்கொண்டார். இன்றும் தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஓர் இரவு முழுக்க அந்த ஞானப்புகழ்ச்சியைக் கூட்டமாக ஓதுகிறார்கள். ஓடத்தைத் தள்ளித் தள்ளி நூல் கோத்த கை அது. ஆலைத் தொழிலாளர்களே, அவர் உங்கள் தொழில்காரர் என்பதை நினைவில் வையுங்கள்.

கடையத்துக்குப் பக்கம் பொட்டல்புதூருக்குப் போய்ப் பாருங்கள். முகைதீன் ஆண்டவர் தர்காவில் கந்தூரி நடக்கும்போது நேர்ச்சை கொண்டுவருகிறவர்களில் யார் இந்து, யார் முஸ்லிம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. தர்கா வழிபாடு தௌஹீதுக்குப் பொருந்துமா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே ஒரு வாதம் உண்டு. அது அவர்கள் வீட்டு வாதம். நாம் தலையிடப் போவதில்லை. நமக்கு வேண்டியது அங்கே ஒரே வரிசையில் நிற்கிற ஜனங்கள்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம்கள் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனபோதும் இந்தப் புத்தியைக் கட்டுச்சோற்றோடு எடுத்துப் போனார்கள். கடையநல்லூர்க்காரர்கள் 1946 இல் அங்கே தொடங்கிய பள்ளிக்கூடத்துக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை வைத்தார்கள். அது தமிழ்ப் பள்ளிக்கூடம், தமிழ்ப் பிள்ளைகளுக்காக. 1982 வரை நடந்தது.

இனி மீனாட்சிபுரம். இதைச் சொல்லாமல் தென்காசி வட்டாரத்தில் தௌஹீதைப் பற்றி எழுதுகிறவன் பாதியை மறைக்கிறவன். 1981 பிப்ரவரி 19 ஆம் நாள், மலையடிவாரத்து அந்தச் சிறு கிராமத்தில் சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் கூட்டாக இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதிர்ந்தது. டில்லியிலிருந்து தலைவர்கள் பறந்து வந்தார்கள், வாஜ்பாயும் வந்தார். அரபு நாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அந்தத் தெருவில் அதுவரை தேநீர்க் குவளை எப்படிக் கொடுக்கப்பட்டது, காவல்காரர்கள் எப்படி நடந்துகொண்டார்கள், மேல் தெருவில் செருப்போடு நடக்க முடிந்ததா என்று விசாரிக்கப் பறந்து வந்தவர் எத்தனை பேர்?

சலுகைக்காக மாறினார்கள் என்பது அப்பட்டமான பொய். 1950 ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி, இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ மாறிய தாழ்த்தப்பட்டவன் தாழ்த்தப்பட்டோருக்கான சலுகையை இழக்கிறான். அந்த உத்தரவு 1956 இல் சீக்கியருக்கும் 1990 இல் பௌத்தருக்கும் விரிந்தது. முஸ்லிமுக்கும் கிறிஸ்தவனுக்கும் விரியவில்லை. ஆக மீனாட்சிபுரத்து ஏழை, கையில் இருந்த சலுகையைக் கொடுத்து, தலை நிமிர்ந்து நிற்க ஒரு வரிசையை வாங்கினான். மதம் மாறினால் கூலி உயர்ந்துவிடாது, நிலம் கிடைத்துவிடாது என்பதை நாம் அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். ஆனால் சுடுமணலில் கிடந்தவன் "ஒருவன்" என்று சொன்னதன் அர்த்தத்தை அவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று இன்னொரு பெயரும் வந்தது. ரஹ்மத் என்றால் கருணை. ஒரே குடும்பத்தில் அண்ணன் பழைய மதத்திலும் தம்பி புதிய மதத்திலுமாக இருந்தும், கலியாணம் காரியத்துக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் எதிர்பார்த்த கலவரம் அந்தத் தெருவில் மூளவில்லை.

மூண்ட இடம் வேறு. 2007 ஆகஸ்டில் தென்காசி நகரில் மத மோதலில் ஆறு உயிர்கள் போயின. இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. கடைகள் சாத்தப்பட்டால் சுமை தூக்குகிறவனுக்குக் கூலி இல்லை. பஸ் ஓடாவிட்டால் ஆலைக்குப் போகிறவனுக்குச் சம்பளம் இல்லை. பீடி இலை வராவிட்டால் சுற்றுகிற பெண்ணுக்கு அடுப்பு எரியாது. அந்தப் பெண்களின் மடியில் இருக்கும் தட்டில் இந்து பீடி, முஸ்லிம் பீடி என்று இரண்டு இல்லை. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று ஒரே கணக்குத்தான்.

கூலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடு என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. உழைத்தவன் முஸ்லிமாக இருந்தால் என்று அதில் ஒரு நிபந்தனை போடப்படவில்லை. 632 ஆம் ஆண்டு தம்முடைய கடைசி ஹஜ்ஜில் அவர் வட்டியை ரத்து செய்தார். முதலில் ரத்தானது அவருடைய சொந்தச் சிற்றப்பா அப்பாஸுக்கு வர வேண்டிய வட்டி. நம் பக்கத்தில் மைக்ரோ பைனான்ஸ்காரன் செவ்வாய்க்கிழமை வாசலில் வந்து உட்காரும்போது எந்த மதத்து வாசல் என்று பார்ப்பதில்லை. ஐந்து வேளை தொழுகிற முதலாளியும், ஆறு கால பூஜைக்கு எண்ணெய் கொடுக்கிற முதலாளியும் போனஸ் பேச்சில் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்திருப்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அவர்களுக்குள் மதச் சண்டை வந்ததாக நாம் கேள்விப்பட்டதே இல்லை!

மோதினார் சொன்ன சம்பவத்தை மறுநாளே பையனிடம் போய்ச் சொன்னோம். ஆலை வாசலில், இரவு ஷிப்டுக்குள் நுழையும் நேரம். கேட்டுக்கொண்டான். "புகாரியிலேயா இருக்கு?" என்று மட்டும் திருப்பிக் கேட்டான். "மோதினாரையே கேட்டுக்கோ" என்றோம். சங்கு ஊதிவிட்டது, உள்ளே போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் போனபோது அந்த வீட்டு முற்றத்தில் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்த நான்கு பேரில் அவனும் ஒருவன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான், உடம்பெல்லாம் பஞ்சும் வியர்வையும். இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்கிறான். உள்ளேயிருந்து கிழவி, இறந்தவரின் மனைவி, ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். "உங்கத்தா இருந்திருந்தா முத ஆளா வந்து நின்னிருப்பாரு, ஐயா. குடி" என்றாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு கால் ஊன்றக் குழி பறிக்கத் தொடங்கினான்.